தேய்ந்த முகத்தைப் படிப்பது: மேற்கு ஆப்பிரிக்க வழிபாட்டு மர உருவங்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரு முழம்கூட இல்லாத மர உருவம். பெரிய தலை, குட்டைக் கால்கள், தலைமுடியில் நீலம், உடம்பெல்லாம் செங்காவி போல ஒரு சிவப்பு. முகத்தில் மூக்கும் வாயும் இருந்த இடம் மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் வழவழவென்று கரைந்துபோயிருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பலர் “ரொம்பப் பழசு போல, தேய்ந்துவிட்டது” என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த முகத்தைத் தேய்த்தது ஒரு தாயின் கை. இறந்துபோன தன் குழந்தைக்காகச் செதுக்கச் சொன்ன உருவத்தை வருடக்கணக்கில் குளிப்பாட்டி, முகம் துடைத்து, எண்ணெய் தடவி, ஊட்டி, தூங்க வைத்த கை.

இந்த உருவங்களில் பாதி வேலையைத்தான் செதுக்கியவர் செய்கிறார், மீதிப் பாதி வைத்திருந்தவர்களின் வேலை. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த அருங்காட்சியகத்தில் எந்த உருவத்துக்கு முன்னால் நின்றாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். கீழே இருப்பது அதற்கான வழி, நான் பழகிய வரிசையிலேயே.

1. முதலில் சொல்லைச் சரிசெய்வோம்

தமிழில் நமக்குக் கைவசம் இருப்பவை பொம்மை, சிலை, விக்கிரகம். பொம்மை என்றால் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது. விக்கிரகம் என்றால் உள்ளே சாமி இருக்கிறார் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனின் நாட்டிலும் வாழும் யோருபா மக்கள் செதுக்கிய உருவத்தை “எரே” என்கிறார்கள். ஐவரி கோஸ்டின் பவுலே மக்கள் “வாகா ஸ்ரான்” என்கிறார்கள், அதாவது மரத்தாலான ஆள். நான் “உருவம்” என்றே எழுதுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பழைய புத்தகங்களிலும் ஏலப் பட்டியல்களிலும் “ஃபெட்டிஷ்” என்ற சொல் வரும். மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த போர்த்துகீசியர்கள் மாந்திரீகப் பொருள், செய்வினை என்ற பொருளில் வைத்திருந்த சொல்லிலிருந்து வந்தது அது. அந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். அதேபோல “ஆப்பிரிக்கச் சிலை” என்று மொத்தமாகச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். எந்த மக்கள், எந்த ஊர்ப்பக்கம், எதற்காகச் செய்தது என்ற மூன்றும் தெரியாமல் இந்த உருவங்களைப் பற்றி எதுவும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

2. ஒரே ஒரு வகையில் தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இபெஜியில், அதாவது இறந்துபோன இரட்டைக் குழந்தைக்காக யோருபா மக்கள் செய்யும் உருவத்தில், தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை. உலகம் முழுக்கப் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது, அளவில் சின்னது, பின்னால் உள்ள கதையும் யாருக்கும் புரிகிற ஒன்று.

யோருபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகம். ஓயோ மாநிலத்தில் உள்ள இக்போ-ஓரா என்ற ஊர் இதற்காகவே பேர் பெற்றது. ஆயிரம் பிரசவங்களில் சுமார் 45 இரட்டைப் பிரசவங்கள் என்ற கணக்கு இந்தப் பகுதியைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும். முதலில் பிறக்கும் குழந்தைக்கு தாய்வோ என்று பெயர், அடுத்தது கெஹிந்தே. ஆனால் மூத்தது கெஹிந்தேதான்: “நீ முன்னால் போய் இந்த உலகம் எப்படி இருக்கிறது என்று ருசி பார்த்துவிட்டு வா” என்று தம்பியையோ தங்கையையோ அனுப்பிவிட்டு நிதானமாகப் பின்னால் வருகிற மூத்த பிள்ளை அது. இந்த இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் பெயர் முன்பே தயார், இதோவு.

இரட்டையர் இருவருக்கும் ஆன்மா பிணைந்தது என்பது நம்பிக்கை. ஒன்று இறந்துவிட்டால் மற்றதும் பின்னாலேயே போய்விடக்கூடும். இரட்டைக் குழந்தைகளுக்குக் குறைப்பிரசவம், எடைக்குறைவு எல்லாம் சகஜம், அந்தக் காலத்தில் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. அப்படி ஒன்று போய்விட்டால் பெற்றோர் பாபலாவோவிடம், அதாவது இஃபா என்ற முறைப்படி குறி பார்ப்பவரிடம் போவார்கள். அவர் சொன்னபடி, செதுக்குபவரிடம் ஓர் உருவம் செய்யச் சொல்வார்கள். பெரும்பாலும் 20 முதல் 30 செ.மீ. உயரம். இருவருமே இறந்திருந்தால் இரண்டு உருவங்கள்.

இப்போது உருவத்தைப் பாருங்கள். இறந்தது கைக்குழந்தை, ஆனால் செதுக்கியிருப்பது வளர்ந்த ஆளை. மார்பகம், ஆண்குறி, நேர்த்தியாக வாரிக் கட்டிய கூந்தல், கன்னத்தில் குலக்குறிக் கீறல்கள் எல்லாம் இருக்கும். யோருபா கலை மனிதரை வாழ்வின் நடுப்பகலில்தான் காட்டும், கிழடாகவும் காட்டாது, சிசுவாகவும் காட்டாது. அந்தக் குழந்தை அடைந்திருக்க வேண்டிய வயதை உருவம் அடைந்திருக்கிறது. தலை உடம்பின் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ இருக்கும். இது செதுக்கத் தெரியாமல் வந்ததல்ல. ஒருவரின் விதியும் குணமும் “ஓரி” எனப்படும் தலையில்தான் இருக்கிறது, அதனால் தலைக்கு அவ்வளவு இடம்.

சில இபெஜிகளின் மார்பில் ஒரு முக்கோணம் செதுக்கியிருக்கும். முஸ்லிம்கள் குர்ஆன் வாசகம் வைத்துக் கட்டும் தாயத்தின் வடிவம் அது. மதங்கள் அங்கே எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு அந்தச் சின்ன முக்கோணத்தைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

3. இது யாருடைய உருவம் என்று கேளுங்கள்

இங்கேதான் நம்மூர்க் கண் நம்மை அதிகம் ஏமாற்றும். கோவிலுக்குள் உருவம் இருந்தால் அது சாமி என்று நமக்குப் பழக்கம். யோருபா கோவில்களில் வைக்கப்படும் உருவங்கள் பெரும்பாலும் சாமியுடையவை அல்ல, கும்பிடுகிறவர்களுடையவை. மண்டியிட்டுக் கையில் கிண்ணம் ஏந்திய பெண், முதுகில் பிள்ளையைச் சுமந்த பெண், குதிரை மேல் வீரன் என்று பார்ப்பீர்கள். அவர்கள் பக்தர்கள். இடிக்கடவுள் ஷாங்கோவின் ஆட்டக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள்: மண்டியிட்ட பெண்ணின் தலைக்கு மேல் இரட்டைக் கோடரி இருக்கும். அந்தக் கோடரிதான் ஷாங்கோவின் இடிக்கல்லைக் குறிப்பது, பெண் அதைத் தாங்குகிற பக்தை. நானும் பல நாள் அந்தப் பெண்ணையே தெய்வம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மற்ற மக்களிடம் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விடைகள் கிடைக்கும்.

பவுலே மக்களிடம், பிறப்பதற்கு முன்னால் மறு உலகில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை இருந்தது என்ற நம்பிக்கை உண்டு. அந்த மறு உலகம் “புலோலோ”. ஆணுக்கு அங்கே இருக்கும் மனைவி புலோலோ புலா, பெண்ணுக்கு இருக்கும் கணவன் புலோலோ பியான். இங்கே திருமணத்தில் சிக்கல், குழந்தை இல்லை, கையில் காசு தங்கவில்லை என்றால் குறி சொல்பவர் “அங்கே இருக்கும் துணைக்குக் கோபம்” என்பார். அப்போது அந்தத் துணையின் உருவத்தைச் செதுக்கிப் படுக்கை அறையில் வைத்து, வாரத்தில் ஒரு இரவு அந்தத் துணைக்கென்று ஒதுக்கித் தனியே படுப்பார்கள். உருவம் அழகாக இருந்தாக வேண்டும், நல்ல தசை, கச்சிதமான முடி, தழும்பு அலங்காரம் எல்லாம் வேண்டும், கூப்பிட்டால் வரத் தோன்ற வேண்டுமே.

கானாவின் அகான் மக்களிடம் அகுவா-பா. தட்டு மாதிரி வட்டமான தட்டைத் தலை, மடிப்பு மடிப்பான கழுத்து. குழந்தையில்லாத அகுவா என்ற பெண் பூசாரி சொன்னபடி ஓர் உருவம் செய்து முதுகில் கட்டிக்கொண்டு திரிந்ததாகவும், ஊரார் “அகுவாவின் பிள்ளை” என்று கேலி செய்ததாகவும், கடைசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகவும் கதை. அதனால்தான் இந்த உருவங்கள் அநேகமாக எல்லாமே பெண். வேண்டுதல் பலித்ததும் பல பெண்கள் உருவத்தைக் கோவிலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கோவிலில் குவிந்து கிடக்கும் அகுவா-பாக்கள் அந்தத் தெய்வம் கைவிடாது என்பதற்கு ஊருக்குச் சாட்சி.

புர்கினா பாசோவின் தென்மேற்கிலும் அண்டைப் பகுதிகளிலும் வாழும் லோபி மக்களின் “பதேபா” உருவங்களைப் பார்க்கும்போது கைகளைக் கவனியுங்கள். ஒரு கை தூக்கியிருந்தாலோ இரு கைகளும் விரிந்திருந்தாலோ அது வாசலில் கெட்டதை மறித்து நிற்கிறது. இரண்டு தலை இருந்தால் இரு பக்கமும் பார்க்கிறது. தலை சாய்ந்து, சோகமாக நிற்கும் பதேபாவும் உண்டு. அது வீட்டுக்காரருக்குப் பதிலாகத் துக்கம் சுமக்கிறது, அவர் சுமக்க வேண்டாமென்று. இவ்வளவு மென்மையான வேலையை ஒரு மரத்துண்டுக்குக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும்.

4. மேற்பரப்பைப் படியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், அவசரப்படாதீர்கள்.

இபெஜியில் பாருங்கள். தேய்மானம் மேடான இடங்களில்தான் இருக்கும்: மூக்கு நுனி, நெற்றி, கன்னம், மார்பு. பள்ளமான இடங்களில், அதாவது காதுக்குப் பின்னால், அக்குளில், விரல் இடுக்கில், கூந்தல் கோடுகளுக்குள் பழைய பூச்சு தங்கியிருக்கும். சிவப்பாக இருப்பது “ஒசுன்”, ஒருவகைச் செம்மரத்தை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசுவது, குழந்தைகளுக்கும் பூசியதுதான். கூந்தலில் இருக்கும் நீலம் முதலில் அவுரி, அப்புறம் கடையில் துணிக்குப் போடும் நீலப்பொடி வந்ததும் அதையே பூசினார்கள். இடுப்பிலும் கழுத்திலும் மணிகள், கையில் உலோக வளையங்கள், சில சமயம் சோழி கோத்த சட்டை. மணி உரசிய இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும், பெருவிரல் பட்ட இடம் மெருகேறியிருக்கும். ஊட்டியதால் வாய் மழுங்கியிருக்கும்.

பவுலே உருவங்களில் ஒரு நல்ல பயிற்சி செய்யலாம். மறு உலகத் துணையின் உருவம் வழவழப்பாக, கைபட்ட மெருகோடு இருக்கும், ஏனென்றால் அது வீட்டுக்குள் துடைத்துத் தடவி வைத்திருந்த ஒன்று. இதே பவுலே மக்களிடம் “ஆசியே உசு” என்ற காட்டு ஆவிகளுக்கான உருவங்களும் உண்டு, குறி சொல்பவர்கள் வைத்திருப்பது. அவற்றின் மேல் பலி ரத்தமும் முட்டையும் காய்ந்து தடித்த படலமாக இருக்கும். செதுக்கிய விதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், செதுக்குபவரும் ஒருவராகவே இருக்கலாம். பிரித்துக் காட்டுவது மேற்பரப்புதான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தீர்களென்றால் நான் இதுவரை சொன்னதெல்லாம் தேவைப்படாது.

பெனின் நாட்டு ஃபோன் மக்களின் “போச்சியோ” இன்னொரு மாதிரி. கயிறு சுற்றி, துணி, எலும்பு, பூட்டு, இரும்பு என்று என்னவெல்லாமோ கட்டியிருக்கும், மரம் பாதி மறைந்தே போயிருக்கும். அங்கே கட்டியதுதான் சக்தி, மரம் அதைத் தாங்கும் ஆள். கயிற்றை அவிழ்த்துவிட்டுப் “பார்க்க அழகாக” நிறுத்தினால் அது வேலை செய்கிற போச்சியோவே இல்லை.

5. இல்லாததையும் பாருங்கள்

வெள்ளைச் சுவர், விளக்கு, தனியே நிற்கும் உருவம். அது நின்ற இடத்தில் இருட்டு இருந்தது, பானை இருந்தது, செம்பனை எண்ணெய் வாசம், பாட்டு, பக்கத்தில் இன்னும் பத்து உருவங்கள். பவுலே துணையைப் பிறர் பார்க்கவே விடமாட்டார்கள். பழைய விற்பனையாளர்கள் துணியையும் படலத்தையும் கழற்றித் தேய்த்துக் கழுவிய உருவங்களும் ஏராளம். “சுத்தமான வடிவம்” என்று புகழ்ந்தால் யார் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

6. செதுக்கியவருக்குப் பெயர் உண்டு

பெயர்ப் பலகையில் “யோருபா கலைஞர்” என்று மட்டும் இருந்தால் சேகரித்தவர் பெயர் கேட்டு எழுதவில்லை என்று அர்த்தம், கலைஞருக்குப் பெயர் இல்லை என்று அல்ல. ஈசேயைச் சேர்ந்த ஒலோவே 1938-ல் இறந்தவர். இக்கெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவு 1924-ல் லண்டன் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கதவில் உருவங்கள் பலகையை விட்டு வெளியே எழுந்து நிற்கும். ஓசி-இலோரின் ஊர் அரேயோகுன், அவர் மகன் பாந்தேலே, பாந்தேலேயிடம் தொழில் கற்ற லமிதி ஃபாக்கேயே என்று ஒரு வரிசையே உண்டு. ஃபாக்கேயே ஐந்து தலைமுறையாகச் செதுக்கும் குடும்பத்தில் வந்த முஸ்லிம், கத்தோலிக்கத் தேவாலயங்களுக்கும் கதவு செதுக்கியவர், 2009-ல் காலமானார்.

வேலை நடக்கும் முறையும் தெரிந்திருந்தால் நல்லது. காயாத பச்சை மரம், ஒரே துண்டு, ஒட்டு வேலை கிடையாது. கோடரியால் தலை, உடல், கால் என்று பெரிய பங்குகளைப் பிரிப்பார்கள், வாய்ச்சியால் வடிவம் கொண்டுவருவார்கள், பிறகு கத்தியால் வழவழப்பாக்கி, கடைசியில்தான் கண் இமை, கூந்தல் கோடு எல்லாம். பச்சை மரம் காயும்போது நெடுக்காக வெடிப்பு விடும். வெடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூந்தலையும் காதையும் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள், ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வொரு பழக்கம், கையெழுத்து மாதிரி.

7. இங்கே எப்படி வந்தது?

1892-ல் பிரெஞ்சுப் படை, இன்றைய பெனின் நாட்டில் இருந்த தகோமி ராஜ்ஜியத்தின் அபோமே நகரைப் பிடித்தது. தளபதி தோத்ஸ் அள்ளிக்கொண்டு போனவற்றில் மன்னர்களின் போச்சியோக்களும் இருந்தன: சிங்க உருவில் கிளேலே, சுறா உருவில் பெஹான்சின். ஆளைவிடப் பெரிதில்லாவிட்டாலும் ஆளளவு நிற்பவை. பாரிசில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 26 பொருள்களாக 2021 நவம்பரில் பெனின் நாட்டுக்குத் திரும்பின.

நைஜீரியாவின் கிழக்கில் இக்போ மக்களின் “அலுசி”, அதாவது தெய்வ உருவங்களின் கதை இன்னும் வலிக்கும். 1967 முதல் 1970 வரை, நைஜீரியாவின் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்று தனியே பிரிந்ததால் மூண்ட பியாஃப்ரா போர், மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த காலம், அப்போது ஊர்க் கோவில்களிலிருந்து பெரிய பெரிய உருவங்கள் எல்லை தாண்டிப் போயின. 2020 ஜூனில் பாரிசில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு ஒரு ஜோடி அலுசி வந்தபோது கலை வரலாற்றாசிரியர் சிக்கா ஒக்கேகே-அகுலு அது போர்க்காலத்தில் எடுத்துவரப்பட்டது என்று சொல்லி வெளிப்படையாக எதிர்த்தார். ஏல நிறுவனம் சட்டப்படியான விற்பனை என்றது. 2,12,500 யூரோவுக்கு விற்றும் விட்டது. ஆகவே பலகையில் “எப்போது, யாரிடமிருந்து” என்ற வரியைத் தேடிப் படியுங்கள். எதுவும் எழுதவில்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

8. வாங்க ஆசை வந்தால்

வரும், எனக்கும் வந்தது. இணையத்தில் “நூறு வருஷத்து இபெஜி” என்று ஒருவர் விற்றதை வாங்கினேன். கையில் வந்தபோது ஷூ பாலிஷ் வாசம், பள்ளங்களுக்குள்ளும் மேட்டிலும் ஒரே சீரான தேய்மானம். மேட்டில் மட்டும் தேய்ந்தால் கை, பள்ளத்திலும் தேய்ந்தால் உப்புத்தாள். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி போலியை நீங்களே பிடித்துவிடலாம்.

ஆனால் உண்மையாகவே பழசு என்றால் அப்போதுதான் அதிகம் யோசிக்க வேண்டும். கோவிலில் இருந்தது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் கோவிலிலிருந்து யார் எடுத்தார்கள் என்று கேளுங்கள். நைஜீரியாவில் 1979-ம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருளை அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. எழுத்தில் காகிதம் இல்லையென்றால் வாங்காதீர்கள். என் யோசனை, இன்று செதுக்குகிறவர்களிடம் புதிதாக வாங்குங்கள். பெயர் கேட்டு எழுதிக்கொள்ளலாம், காசும் நேராக அவர் கைக்குப் போகும்.

வாங்காமலே பார்க்கவும் வழி இருக்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் படங்களோடு வைத்திருக்கின்றன. தேடும்போது “ஆப்பிரிக்கா” என்று போடாமல் மக்களின் பெயரைப் போடுங்கள். பின்பக்கப் படம் இருந்தால் அதை முதலில் திறங்கள், கூந்தலும் முதுகும் முகத்தைவிட அதிகம் பேசும்.

9. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால்

கழுவாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், வார்னிஷ் பக்கமே போகாதீர்கள். ஒசுனும் நீலமும் தண்ணீர் பட்டால் போய்விடும், போனால் அந்தத் தாயின் கை போய்விட்டது. தூசிக்கு மெல்லிய மயிர்த் தூரிகை போதும், பூச்சு உதிர்கிற இடத்தில் அதுவும் வேண்டாம். வெயில் விழும் சன்னல், ஏ.சி. காற்று நேரே அடிக்கும் இடம் இரண்டும் ஆகாது, மரம் வெடிக்கும். கீழே மாவு மாதிரித் தூள் கொட்டியிருந்தால் உள்ளே உளு வண்டு உயிரோடு இருக்கிறது: உடனே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மற்ற மரச்சாமான்களிடமிருந்து பிரித்து வையுங்கள். பழைய ஓட்டைகள், தூள் இல்லாதவை, பிரச்சினை இல்லை. அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்டதை உறையில் போட்டு ஆழ்உறைநிலையில் சில நாள் வைத்துப் பூச்சியைக் கொல்வார்கள். மணியும் பூச்சும் படலமும் இருக்கும் உருவத்தில் அதை நீங்களாகச் செய்யாமல் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் ஒரு தாளில் உயரம், எங்கே எப்போது யாரிடம் கிடைத்தது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, எந்த இடத்தில் நிறம் தங்கியிருக்கிறது என்று எழுதி, முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம் மூன்றையும் படம் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள்.